கல் மேட்டுக்குப் பின்னால்

வளைகுடாவில், ருவைஸ் எண்ணெய் ஆலையில் எனக்கு வேலை. மகள் யாழினியைக் கைக்குழந்தையாகப் பார்த்ததோடு சரி, பிறகெல்லாம் போனில்தான். அவளுக்கு நான்கு வயதானபோது அவளையும் மனைவி செல்வியையும் விசிட் விசாவில் அழைத்து வந்தேன். நான் கை நீட்டினாலே அம்மாவின் துப்பட்டாவுக்குள் ஒளிந்துகொண்டாள்.

ஒரு லீவு நாளில், அபுதாபி பக்கம் இருக்கும் சின்ன இயற்கைக் காப்பகத்துக்குப் போனோம். பனியுகத்தில் காற்று குவித்த மணல், அலை அலையாகக் கல்லாகிப்போய் நிற்கும் இடம். யாழினி துள்ளினாள்.

"அம்மா, போனக் குடு. அப்பாவுக்குக் காட்டணும்."

"அப்பா இங்கதானேடி நிக்கிறாரு?"

"இவரு இல்ல. போன்ல வர்ற அப்பா."

நான் ஒரு கல் மேட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். என் போனில் வீடியோ கால் வந்தது.

"அப்பா, இங்க மண்ணெல்லாம் கல்லாயிருக்கு! நீயும் வாயேன்."

"இதோ வந்துட்டேன்டா" என்று பேசிக்கொண்டே மேட்டைச் சுற்றி வந்தேன். திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள்.

அவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். இப்போதும் போனை எடுத்ததும் யாழினி கேட்பது ஒன்றுதான்: "அப்பா, எந்தக் கல்லுக்குப் பின்னாடி நிக்கிற?"

"பக்கத்துலதான்டா" என்கிறேன், ஒவ்வொரு தடவையும்.