ஒரு மூட்டை கடலைக்குப் போன கத்தி

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும் என்பாள் என் வீட்டுக்காரி. காது சிவப்பதோடு நின்றிருந்தால் அந்தக் கத்தியை நான் விற்றிருக்கவே மாட்டேன்.

முப்பதுகளின் தொடக்கத்தில் கோயமுத்தூரில் ஒரு நூல் மில்லில் பிட்டராக இருந்தேன். மெஷின் பூட்ட வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஊர் திரும்பும்போது, தன்னுடைய மடக்குக் கத்தியை எனக்கென்று வைத்துவிட்டுப் போனார். சீமையில் செய்த ஷெஃபீல்டு கத்தி. மான்கொம்புப் பிடி, இரண்டு முனையிலும் வெள்ளிப் பூண், பெரிதும் சிறிதுமாக இரண்டு அலகுகள். விரித்தால் டக்கென்று நிற்கும். பிடித்து ஆட்டினாலும் மயிரிழை அசையாது. சும்மா இருக்கும்போதெல்லாம் அதைத் திறந்து மூடிக்கொண்டிருப்பேன். இரண்டு வருஷத்தில் என் கண்ணின் உதவி இல்லாமலே விரல்கள் அதைத் திறக்கப் பழகிவிட்டன. வினையே அதில்தான் இருந்தது.

ஒரு நாள் நான் பூட்டிய பேரிங் ஒன்று சூடேறி மெஷின் நின்றுபோயிற்று. என்னோடு வேலை செய்த இன்னொரு பிட்டர் பத்துப் பேர் முன்னால், "கத்தி மட்டுந்தானுங்க சீமைச் சரக்கு. கைவேலை பூராவும் நாட்டுச் சரக்கு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே திரும்பிக் குழாயடிக்குப் போனான். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். என் கையில் கத்தி இருந்தது. பெரிய அலகு விரிந்திருந்தது. மடியிலிருந்து எப்போது எடுத்தேன், எப்போது விரித்தேன், ஒன்றும் தெரியவில்லை. வேறு யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்துவிட்டேன், அது போதாதா? அலகை மடக்கி மடியில் செருகிக்கொண்டேன்.

விற்றுத் தொலைப்பது என்று முடிவு செய்தேன். ஆனால் அது மந்த காலம். யார் கையிலும் காசில்லை. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்ச் செக்குக்காரர் வாசலில், அவிநாசிக்கு அப்பாலிருந்து நிலக்கடலை ஏற்றி வந்த ஒரு விவசாயியைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். கேட்ட விலை கிடைக்காமல் வண்டியில் உட்கார்ந்து பாக்கு மென்றுகொண்டிருந்தார். கத்தியைக் காட்டினேன். பத்துத் தரம் திறந்து மூடினார். சின்ன அலகால் ஒரு பாக்கைச் சீவிப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"இத்தனை சோக்கான சாமானை எதுக்குங்க விக்கறீங்க?"

"எங்கிட்ட இன்னொண்ணு இருக்குதுங்க" என்றேன். வாய் கூசாமல் சொன்ன பொய்.

"பணமில்லீங்க. ஒரு மூட்டை கடலை இறக்கிப்போட்டுப் போறேன், சம்மதங்களா?"

சம்மதித்தேன். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் பகை வரும் என்பார்கள். வண்டிப் பலகையில் வைத்தேன், அவர் எடுத்துக்கொண்டார். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தபோது, சொன்னால் நம்பமாட்டீர்கள், உடம்பு இலேசாக இருந்தது.

அந்த நிம்மதி பத்து நாள் நீடித்தது. பதினோராம் நாள் அதே ஊரிலிருந்து கடலை கொண்டு வந்த ஒருவர் மில் வாசலில் என்னை விசாரித்துப் பிடித்தார்.

"ஏனுங்க, அந்தச் சீமைக் கத்தி குடுத்தவரு நீங்கதானுங்களா?"

அவர் சொன்னது இது. என்னிடம் கத்தி வாங்கியவருக்கும் அவருடைய பங்காளிக்கும் ஒரே கிணறு. ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்து, மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைப்பார்கள். முறைக்காக இருவருக்கும் வாய்த்தகராறு உண்டு. நான்கு நாள் முன்பு பங்காளி இறைத்துக்கொண்டிருக்கும்போது வடக்கயிறு அறுந்து, தண்ணீர் மொள்ளும் தோல் பறி கிணற்றுக்குள் போய்விட்டது. மாடு முன்னால் விழுந்து முழங்கால் பெயர்ந்துவிட்டது. கயிற்றின் முனையில் பாதி கத்தியால் வெட்டினதுபோல் மழமழவென்று இருந்ததாம்.

"புதுக் கத்தி வந்த ஜோருல அறுத்து உட்டுப்போட்டாருன்னு பங்காளி சொல்றாருங்க. நாளைக்குக் காத்தால கோயில்ல கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணப் போறாங்க."

கற்பூரம் அணைத்துவிட்டால் அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு வீட்டுச் சோறு தண்ணீர் இன்னொரு வீட்டில் புழங்காது. சாவுக்குக்கூடப் போகமாட்டார்கள். அவர் அறுத்திருப்பாரா என்று கேட்டால், நல்ல மனுஷராகத்தான் தெரிந்தார். ஆனால் நானும் நல்ல மனுஷன்தானே? என்னைக் கேட்காமல் என் கை விரித்த கத்தியை, அவரைக் கேட்காமல் அவர் கையும் விரித்திருந்தால்? என் மடியிலிருந்த பாம்பை அடுத்தவர் மடியில் விட்டுவிட்டு, பதிலுக்குக் கடலையும் வாங்கித் தின்றிருக்கிறேன் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

விடிந்ததும் லீவு சொல்லிவிட்டு அவிநாசி பஸ் ஏறி, இறங்கி இரண்டு மைல் ஓட்டமும் நடையுமாகப் போனேன். கோயில் முன்னால் கூட்டம். தட்டில் கற்பூரம் தயாராக இருந்தது, இன்னும் ஏற்றவில்லை. கத்தி வாங்கிய கடலைக்காரர் ஈர வேட்டியோடு நின்றார். பன்னிரண்டு நாளில் பத்து வயது கூடிவிட்டது போலிருந்தார். எதிரில் பங்காளி, அவரைவிட இளையவர், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கத்தி என்னுதுங்க. அந்தக் கயித்தை ஒரு தடவை பாக்கலாமுங்களா?" என்றேன். ஊர்க்கவுண்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

கயிற்றின் முனையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பாதி பிய்ந்து துடைப்பமாக இருந்தது. பாதி உண்மையிலேயே மழமழவென்றுதான் இருந்தது. ஆனால் அந்த மழமழப்பில் துரு படிந்திருந்தது. கட்டை விரலால் தேய்த்தேன், விரல் செம்பழுப்பானது. மில்லில் எத்தனை வடங்களில் இதைப் பார்த்திருக்கிறேன்! எனக்கு மூச்சு வந்தது.

"கிணத்துக்குப் போலாம் வாங்க" என்றேன். கூட்டமே பின்னால் வந்தது. உருளையின் அச்சு தேய்ந்து, உருளை ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. கயிறு ஓட ஓடப் பக்கத்து இரும்புப் பட்டையில் உரசியிருக்கிறது. பட்டையின் விளிம்பு தீட்டினதுபோல் கூராகியிருந்தது. அதில் கயிற்று நார் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கடலைக்காரரிடம் கத்தியைக் கேட்டு, எல்லோரும் பார்க்க அதே கயிற்றில் ஒரு துண்டு வெட்டிக் காட்டினேன். வெட்டுவாய் தேங்காய்ப் பத்தைபோல் சுத்தமாக இருந்தது. துருவும் இல்லை, ஒன்றும் இல்லை.

"உருளைக்கு எண்ணெய் உடறது யாருங்க?" என்று கேட்டேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் விடுவார் என்று இவரும், இவர் விடுவார் என்று அவரும் விட்டுவிட்டிருக்கிறார்கள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

பங்காளி கொஞ்ச நேரம் பட்டையையே தடவிக்கொண்டு நின்றார். பிறகு, "அண்ணா, ஊட்டுல சோறு ஆயிருக்கும். வாங்க, உண்டுபோட்டுப் போலாம்" என்றார். ஐந்து நாளாக அவர் அண்ணா என்று கூப்பிடவில்லையாம். கடலைக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

சாப்பிட்டு முடித்துக் கிணற்று வழியாகக் கிளம்பும்போது கடலைக்காரர் கத்தியைக் கிணற்றுக் கல்லின் மேல் வைத்தார்.

"நீங்களே எடுத்துக்கங்க. கடலையைத் திருப்பித் தர வேண்டாமுங்க. உங்க சாமான் உங்ககிட்ட இருக்கறதுதான் மொறை."

மான்கொம்புப் பிடி வெயிலில் மின்னியது. என் கை அதை நோக்கிப் போய்விட்டது. அந்த விரல்களுக்கு வெட்கம் ஏது? அவற்றைப் பார்த்ததும் எனக்கே பயம் வந்தது. கையை இழுத்துக்கொண்டு, இன்னொரு கத்தி இருப்பதாக அன்றைக்குச் சொன்னது பொய் என்று சொன்னேன். பேரிங், சிரிப்பு, குழாயடி, விரிந்திருந்த அலகு, எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுக்காரியிடம்கூட அதுவரை சொல்லாதது.

அவர் என் கையைப் பார்த்தார். கத்தியை அவரே எடுத்து மடக்கி மடியில் செருகிக்கொண்டார்.

"அப்பிடீன்னா இது இங்கயே இருக்கட்டுங்க. எனக்குக் கோவம் மெதுவாத்தான் வரும். அதுக்குள்ள நாலு பாக்கு சீவிருவேன்."

மடியில் கனமில்லாமல் பஸ் ஏறினேன்.

மறுநாள் மில்லில் அந்த இன்னொரு பிட்டர், "எங்கீங்க சீமைக் கத்தி? ரொம்ப நாளாக் காணமே" என்றான்.

"உன்னாலதான் வித்துப்போட்டேன்" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தான். அவன் சிரிக்கச் சிரிக்க நான் வெறுங்கையோடு பார்த்துக்கொண்டே நின்றேன். ஒருவன் சிரிப்பதைப் பார்த்து எனக்கு அவ்வளவு நிம்மதி அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.