கூட இருப்பவரின் கையெழுத்து

பித்தப்பையை எடுப்பது இப்போதெல்லாம் பெரிய விஷயமே இல்லை என்றார் அடையாறில் என்னைப் பார்த்த டாக்டர். வயிற்றில் நாலு சின்னத் துளை, மறுநாள் வீடு. துளைக்கெல்லாம் நான் பயப்படவில்லை. முதல்நாள் நிரப்பச் சொன்ன படிவத்தில் ‘கூட இருப்பவர்’ என்று ஒரு கட்டம் இருந்ததே, அதுதான் என்னைப் படுத்திவிட்டது.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நந்தனத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மயிலாப்பூரில் தனியாக இருக்கிறேன். சைதாப்பேட்டையில் ஒரு தம்பி இருக்கிறான். அம்மாவின் காரியத்தன்று எங்களுக்குள் வார்த்தை தடித்துவிட்டது. ஏழு வருஷமாகப் பேச்சு இல்லை. முதலில் யார் இறங்கி வருவது என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே வீம்பு. அந்தக் கட்டத்தில் அவன் நம்பரைத்தான் எழுதினேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான். யார் கூப்பிட்டுப் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை வெறும் வயிற்றோடு படுத்திருந்தபோது நர்ஸ் வந்தாள். “அட்டெண்டர் எங்கேம்மா? அவர் கையெழுத்து வேணும். இல்லன்னா டாக்டர் தேதியைத் தள்ளிப் போட்டுடுவாரு.”

“வண்டி நிறுத்தப் போயிருக்கான்” என்றேன். கூசாமல் பொய் வந்தது.

அரைமணி கழித்து மறுபடி கேட்டாள். “இன்னும் இடம் கிடைக்கலை போல” என்றேன். அவள் படிவத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். போனில் பேசுவது கேட்டது. எனக்கு அவமானமாக இருந்தது. எழுந்து வீட்டுக்கே போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். போன வாரம் புரட்டி எடுத்த வலி ஞாபகம் வந்தது, பேசாமல் படுத்துக்கொண்டேன்.

பதினோரு மணிக்கு ஸ்ட்ரெச்சர் வந்தது. “கையெழுத்து?” என்றேன்.

“ஆயிடுச்சும்மா.”

தாழ்வாரத்து நாற்காலிகளில் நாலைந்து பேர் இருந்தார்கள். என் கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டதால் எல்லாரும் வெறும் சட்டை நிறமாகத்தான் தெரிந்தார்கள். ஒரு நீலச் சட்டை எழுந்து நின்றது. அவனா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தேன்.

விழித்தபோது வயிற்றைவிடத் தோள்பட்டை வலித்தது. ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் ஏற்றிய காற்று அப்படித்தான் செய்யுமாம். போர்வையை இழுத்துவிட்ட ஆயாவிடம், வெளியே எனக்காக யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன்.

“உன் தம்பி தானே? போய்ட்டாரும்மா. டாக்டரு அந்தப் பையையும் கல்லையும் கொணாந்து காட்னாரு. பாத்துக்கினே நின்னாரு. ‘எவ்ளோ வலிச்சிருக்கும்’னு மட்டும் கேட்டாரு. நீ நல்லாகீறேன்னு சொன்னதும் கெளம்பிட்டாரு.”

எடுத்ததைக் கொண்டுவந்து சொந்தக்காரர்களிடம் காட்டுவது ஆஸ்பத்திரி வழக்கம். கற்களைச் சின்ன டப்பாவில் போட்டும் கொடுப்பார்கள். என் வயிற்றுக்குள் இருந்ததைப் பார்த்தவன், இருபதடி நடந்து வந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. அழுதேன். அழுதால் நாலு துளையும் சேர்ந்து இழுத்தது.

மறுநாள் கிளம்பும்போது நர்ஸ் கேட்டாள், “தம்பிக்கு போன் போடட்டுமா?” வேண்டாம் என்று அவசரமாகச் சொல்லிவிட்டேன். டப்பாவை மட்டும் கேட்டேன். அவள் அலமாரியைத் திறந்து தேடினாள்.

“அவர் கையிலதான் கொடுத்தோம். எடுத்துட்டே போயிட்டார் போல.”

ஆட்டோவில் தனியாக வீட்டுக்கு வந்தேன். அந்தக் கற்களை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? வீட்டில் எங்கே வைத்திருப்பான்? கேட்க வேண்டுமென்றால் நான்தான் கூப்பிட வேண்டும். தையல் பிரித்து இரண்டு வாரமாகிறது. தினமும் நம்பரைப் போடுகிறேன், கடைசி எண்ணுக்கு முன்னால் நிறுத்திவிடுகிறேன்.