டிஸ்க்குக்கு வைத்த சந்தனம்

பொறாமையில் அழித்தாளாம்! முப்பது வயதை நெருங்கியும் தனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை என்று, அச்சன்புதூர் மஞ்சுவின் கல்யாண வீடியோவை உமாராணி வேண்டுமென்றே அழித்துவிட்டாளாம். குழாயடியில் பார்வதியம்மாள் சொல்லுகிறாள், மற்றவர்கள் உச்சுக் கொட்டுகிறார்கள். வாய் கூசாதா? குற்றாலத்தில் நடந்த அந்தக் கல்யாணத்தில், சாரலில் கேமரா நனையக் கூடாது என்று தன் துப்பட்டாவை அதற்குப் போர்த்திவிட்டு, தான் தொப்பலாக நின்றவள் அவள்.

தென்காசியில் செல்லச்சாமியின் ஸ்டுடியோவில் அவளுக்கு வேலை. எடுத்த படமெல்லாம், கம்ப்யூட்டரோடு இணைத்த, நாலு டிஸ்க் செருகிய ஒரு பெட்டிக்குள் புள்ளி புள்ளியாகப் பதியும். ஒரு டிஸ்க் கெட்டாலும் படம் போகாது. எப்படி என்று கேட்டால், ஒத்தையா ரெட்டையா விளையாட்டுத்தான் என்பாள். மூன்று டிஸ்க்கிலும் ஒரே இடத்தைப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி இருக்கும், அல்லது இருக்காது. கூட்டி ஒற்றையாக வந்தால், நாலாவதில் ஒரு புள்ளி வைத்து இரட்டையாக்கிவிடும் பெட்டி. பிறகு எது தொலைந்தாலும் மிச்ச மூன்றை எண்ணினால் போதும். ஒற்றை என்றால் தொலைந்ததில் புள்ளி இருந்தது. இரட்டை என்றால் இல்லை. இரண்டு சேர்ந்து தொலைந்தால்? எது எதில் இருந்தது என்று எந்தச் சாமியாலும் சொல்ல முடியாது.

செல்லச்சாமி கெட்டவர் இல்லை, பக்தி கொஞ்சம் கூடுதல். போன வருஷம் ஆயுத பூஜைக்கு, ஓடுகிற பெட்டியிலிருந்து ஒரு டிஸ்க்கை உருவிப் பொட்டு வைத்தார். திரையில் ஓடிய படம் நிற்கவே இல்லை.

"பாத்தியாட்டி? என்னமோ பயங்காட்டுன!" என்று சிரித்தார். பெட்டி அவரைக் காப்பாற்றியதே வினையாகப் போயிற்று.

இந்த வருஷம் பூஜைக்கு முந்தின நாள் ஒரு டிஸ்க் செத்தது. உமாராணி புதிதாக ஒன்று போட்டாள். பெட்டி மற்ற மூன்றையும் எண்ணியெண்ணிப் புதியதை நிரப்பத் தொடங்கியது.

"அண்ணாச்சி, இது நிரம்பி முடியுத வரைக்கும் எதையும் தொட்டுராதிய. கேமரா கார்டையும் அடுத்த கல்யாணத்துக்கு அழிச்சாச்சு. மஞ்சு கல்யாணம் இதுல மட்டும்தான் கெடக்கு."

மறுநாள், புதியது இன்னும் நிரம்பி முடியாதபோதே, அவள் பூஜைக்குப் பொரி வாங்கப் போனாள். அவர் இன்னொரு டிஸ்க்கை உருவி, சந்தனத்தைக் குழைத்து அப்பிச் செருகினார். ஈரம் உள்ளே இறங்கிக் கருகல் வாடை அடித்தது. நிரம்பாத புதியதோடு இதுவும் சேர்ந்து இரண்டாகத் தொலைந்தது. திரும்பி வந்தவள் பொரிப் பொட்டலத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கை தவறி அழிச்சிட்டேன்னு சொல்லிரு உமா," என்றார். "இல்லன்னா கடைப் பேரு கெட்டுரும்."

"எம் பேரு கெடாதா?"

"ஒம் பேரு என்ன, போர்டுலயா எழுதியிருக்கு?"

சாயங்காலம் வீடியோ வாங்க மஞ்சுவின் அம்மா பாலம்மாள் வந்தாள். உமாராணி வாயைத் திறக்குமுன் அவர் முந்திக்கொண்டார்: "பிள்ள தெரியாம அழிச்சிட்டா, மன்னிச்சிருங்க."

"யக்கா, நான் அழிக்கல. டிஸ்க்க உருவிச் சந்தனம் வச்சது அண்ணாச்சி."

பாலம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "சாமிக்குப் பூஜ பண்ணினவரையா குத்தம் சொல்லுத? நீயெல்லாம் வெளங்குவியா?"

செல்லச்சாமி பொட்டிட்ட பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உமாராணி கடைச் சாவியை அவர் முன்னால் வைத்தாள். "இந்தப் பழிய நீங்களே வச்சுக்கிடுங்க, அண்ணாச்சி."

வாசலில் உடைத்துக் கிடந்த பூசணிக்காயைத் தாண்டித் தெருவில் இறங்கினாள்.