பெயர் சொல்லாத கேள்வி

பால் பெட்டி ஒன்றில் சாய்த்து வைத்த கைபேசியில்தான் அயர்லாந்துப் பாராளுமன்றத்தை முதன்முதலாகப் பார்த்தேன். ஒஸ்லோவில், ரொம்மனுக்குப் பக்கத்தில் நான் வேலை செய்யும் பாலர் பள்ளியின் ஊழியர் அறை அது. டப்ளினில் மதியம் பன்னிரண்டு என்றால் எங்களுக்கு ஒரு மணி. பிள்ளைகள் நித்திரையாகிவிட்டார்கள். கூட வேலை செய்யும் நோர்வேஜியப் பெண் பாண் துண்டைக் கடித்தபடி எட்டிப் பார்த்து, இது உங்கள் நாட்டுப் பாராளுமன்றமா என்று கேட்டாள். இல்லை, என் அக்காவுடையது என்றேன். அவளுக்கு என்ன விளங்கியதோ தெரியாது, கைபேசியின் சத்தம் எனக்குக் கேட்கட்டும் என்று தன் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள். நான் நோர்வேக்கு வந்து முப்பது வருடம். பாராளுமன்றத்தின் பெயரிலேயே இங்கே ஒரு சுரங்க ரயில் நிலையம் இருக்கிறது. அங்கே இறங்கிக் கடைகளுக்குப் போயிருக்கிறேனே தவிர, அந்தக் கட்டடத்துக்குள் என்ன கதைக்கிறார்கள் என்று ஒருநாளும் கவலைப்பட்டவள் அல்ல. அன்றைக்கு மட்டும், முன்பின் தெரியாத ஒரு பிரதமரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவர். அத்தான் இளவயதிலேயே போய்ச் சேர்ந்துவிட, ஒரே மகளை வைத்துக்கொண்டு டப்ளினில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தார். கிழவர்களைக் குளிப்பாட்டுவது, உணவு ஊட்டுவது, கால் நகம் வெட்டுவது என்று எல்லாம் செய்வார். அங்கே இருந்த ஒரு வயதான அம்மாவின் மகள் எதிர்க்கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர். ஞாயிற்றுக்கிழமைகளில் தாயைப் பார்க்க வருவாராம். வாராவாரம், கிழமைக்குக் கிழமை அக்கா மெலிந்துகொண்டு போவதை முதலில் கவனித்தது அந்த மனிசிதான். சொந்தத் தங்கை நான் வீடியோவில் கதைத்தும் கவனிக்கவில்லை. அக்கா கமராவைத் தூரத்தில் வைத்துவிட்டுக் கதைப்பார். உறுப்பினர் விடாமல் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வயிற்றுக்குள் ஏதோ கட்டி இருக்கலாம் என்று குடும்ப டொக்டர் சொல்லி, ஸ்கான் எடுக்கப் பெயர் கொடுத்து, மாதக்கணக்காக முறை வருமென்று காத்திருக்கிறார். உங்களைப்போல் காத்திருப்பவர்கள் நிறையப் பேர், நான் இதைப் பாராளுமன்றத்தில் பிரதமரிடம் நேரடியாகக் கேட்கிறேன், சம்மதமா என்று அந்த மனிசி கேட்டிருக்கிறார்.

அக்கா என்னிடம் கேட்டார். சின்னன் முதல் சட்டைத்துணி நிறம் தெரிவுசெய்வதற்குக்கூட அக்கா என்னிடம்தான் கேட்பார். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. நான் உடனே ஒரு நிபந்தனை போட்டேன். கேட்கட்டும், பெயரை மட்டும் சொல்லக்கூடாது. காரணம் அக்காவின் மகளுடைய கலியாணப் பேச்சு. ஒஸ்லோவில் ஒரு நல்ல குடும்பம், படித்த பெடியன், சாதகமும் பொருந்திவிட்டது. பேச்சை இழுத்து வந்தவளே நான்தான். எங்கள் ஆட்களுக்கு நோய், வருத்தம் என்றால் தெரியும்தானே. நீரிழிவையும் பிறஷரையும் பந்தியில் இருந்து விலாவாரியாகக் கதைப்போம், இந்த வருத்தத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்று யாராவது ஒரு வார்த்தை விட்டால் பேச்சு குழம்பிவிடும் என்று பயந்தேன். டப்ளினில் இருக்கும் தமிழ்ச் சனம் கொஞ்சம். அங்கே ஒரு பெயர் வெளியே வந்தால் அன்று மாலையே ஒஸ்லோவுக்கு வந்து சேர்ந்துவிடும்.

ஆக, அன்று அந்த உறுப்பினர் எழுந்து, 'என் தொகுதியில் ஒரு பெண்' என்று தொடங்கினார். மூன்று நிமிடம் கதைத்தார். மற்றவர்களின் தாய்மாரைக் கழுவித் துடைக்கும் ஒரு பெண், தன் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள் என்றார். எதிர்வரிசையில் யாரோ முணுமுணுக்க, சபாநாயகர் கையை உயர்த்தினார். என் அக்காவைப் பற்றி ஒரு நாட்டின் பாராளுமன்றம் கதைக்கிறது என்று பெருமையாகவும் இருந்தது, ஒளித்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. பிரதமர் எழுந்தார். அந்தப் பெண்ணுக்காக வருந்துகிறேன் என்றார். பிறகு அரசாங்கம் கட்டிய ஆஸ்பத்திரி வாட்டுகள், சேர்த்த தாதிமார் என்று தன் காகிதத்தில் இருந்ததையெல்லாம் வாசித்தார். உறுப்பினர் மறுபடியும் எழுந்து, புள்ளிவிபரம் வேண்டாம், இந்தப் பெண்ணுக்கு என்ன பதில் என்றார். அப்போதுதான் பிரதமர் காகிதத்தை விட்டுவிட்டு நிமிர்ந்தார். பெயர் தெரியாத ஒருவரைப் பற்றி நான் இங்கே நின்று எதுவும் சொல்ல முடியாது, பெயரையும் வயதையும் மற்ற விபரங்களையும் எனக்குத் தாருங்கள், இன்றைக்கே பார்க்கச் சொல்கிறேன் என்றார். அத்தோடு நேரம் முடிந்தது. வேறொருவர் வீட்டு வாடகையைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். நித்திரையாகியிருந்த பள்ளிப் பிள்ளைகளும் ஒவ்வொன்றாக எழும்பி அழத் தொடங்கின.

ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, அக்காவிடமிருந்து ஃபோன் வந்தது. குரலில் ஒரு சந்தோசம். "பிள்ளை, பேரைக் குடுக்கட்டோ எண்டு அந்த மனிசி கேக்கிறா. இண்டைக்குப் பின்னேரமே பிரதமற்றை ஒஃபீசுக்குப் போகுமாம். ஒரு பேப்பர்காரரும் ஆரெண்டு கேட்டவராம், அவருக்குச் சொல்லமாட்டன் எண்டவ. என்ன செய்வம்?"

பேப்பர் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வேறொன்றும் காதில் விழவில்லை. வருகிற சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் முடிவு சொல்ல எங்கள் வீட்டுக்கு வர இருந்தார்கள்.

"சனிக்கிழமை வரைக்கும் பொறுங்கோ அக்கா. அவையள் ஓம் எண்டு சொல்லட்டும். பிறகு குடுப்பம்."

"நீ சொல்லுறதும் சரிதான். இவ்வளவு நாள் பொறுத்தாச்சு."

சனிக்கிழமை அவர்கள் ஓம் என்றார்கள். நாலு கிழமையில் மோதிரம் மாற்றுவோம் என்றும் சொன்னார்கள். நான் மறுபடியும் பொறுக்கச் சொன்னேன். மோதிரம் மாறிவிட்டால் யாரும் பின்வாங்க மாட்டார்கள் என்பது என் கணக்கு. அந்த உறுப்பினர் இரண்டு தரம் நினைவூட்டியிருக்கிறார். அக்கா ஏதோ சாட்டுச் சொல்லியிருக்கிறார். நிச்சயத்துக்கு அக்கா ஒஸ்லோவுக்கு வந்தபோது, இங்கே குறொன்லாண்டில் தைப்பித்து வைத்திருந்த பிளவுசை நான் இரண்டு முறை ஒடுக்க வேண்டியிருந்தது. இரண்டாம் முறை இரண்டு விரலளவு துணியை மடித்து ஊசி போட்டேன். அக்கா கண்ணாடியைப் பார்த்தபடி, "கொஞ்சம் தளர விடு, மூச்சு முட்டுது" என்றார். மண்டபத்தில் வந்த சனமெல்லாம், மெலிந்து வடிவாக இருக்கிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்கள். அக்கா சிரித்தபடி, "கோதுமைச் சோறு" என்றார். நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு என்னையே பிடிப்பதில்லை.

அடுத்த திங்கட்கிழமை அந்த உறுப்பினர் பெயரைக் கடிதத்தில் எழுதிப் பிரதமருக்கு அனுப்பினார். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் இருந்து ஃபோன் வந்துவிட்டது. பிரதமர் சொன்னதைச் செய்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஸ்கானில் கட்டி ஈரல் வரைக்கும் போயிருந்தது. நான் டப்ளினுக்கு ஓடிப்போய் அந்த டொக்டரை மறித்து, ஐந்து கிழமைக்கு முதல் வந்திருந்தால் தப்பியிருப்பாரா என்று கேட்டேன். அப்படிக் கணக்குப் பார்க்க முடியாது என்றார். இல்லை என்று சொல்லவில்லை. அக்கா பிறகு மூன்று மாதமும் இருக்கவில்லை. ஒரு வருடம் கழிந்து ஆட்டைத் திவசம் முடியும் வரைக்கும் கலியாணமும் தள்ளிப்போனது. எந்தக் கலியாணத்துக்காக ஒளித்தேனோ, அதை அக்கா பார்க்கவில்லை.

செத்தவீட்டுக்கு மாப்பிள்ளையின் தாய் ஒஸ்லோவில் இருந்து வந்திருந்தார். எல்லாம் முடிந்து, தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றபோது என் கையைப் பிடித்தார். "ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை? என்ரை தங்கச்சியும் இதே வருத்தத்திலைதான் போனவ. அது தெரிஞ்சால் நீங்கள் பொம்பிளை தரமாட்டியள் எண்டு நாங்களும் சொல்லேல்லை." இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவர் என் கையை விடாமல் அழுதார். எனக்கு அழுகைகூட வரவில்லை.

அக்காவின் மகள் கலியாணம் முடிந்து இப்போது என் வீட்டில் இருந்து இரண்டு நிலையம் தள்ளி இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவாள். சில மாதங்களுக்கு முன்னர் ஒருநாள், சாப்பிட்டு முடித்துவிட்டு மடிக்கணினியைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். அந்தப் பாராளுமன்றத்தின் பழைய பதிவுகளையெல்லாம் இணையத்தில் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அதே உறுப்பினர், அதே பிரதமர். பெயரைக் கேட்கும்போது பிரதமர் ஒரு பேனையைக் கையில் எடுத்திருக்கிறார். அன்றைக்கு எனக்கு அது கண்ணில் படவில்லை. எழுதுவதற்கு ஆயத்தமாக, பேனையோடு எதிர்வரிசையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறார். உறுப்பினர் குனிந்து தன் மேசையைப் பார்க்கிறார். பிறகு பிரதமர் பேனையை வைத்துவிடுகிறார்.

"சித்தி, இதிலை அவர் பேரைக் கேக்கிறார்" என்றாள். "அம்மாவின்ரை பேப்பருகளுக்குள்ளை அந்த மனிசி அனுப்பின கடிதத்தின்ரை பிரதி கிடந்தது. திகதி பாத்தனான். ஏன் அஞ்சு கிழமை?"

ஒரு பொய் சொல்ல வாய் எடுத்தேன். நாக்கு நுனிவரை வந்தது, பழக்கதோஷம். பிறகு, "உன்ரை கலியாணம் குழம்பிப்போகும் எண்டு நான்தான் பொறுக்கச் சொன்னனான்" என்றேன்.

அவள் மடிக்கணினியை மெதுவாக மூடினாள். சத்தம் போட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "என்னட்டை ஒருக்காக் கேட்டிருக்கலாம், சித்தி" என்றாள். "எனக்கு அம்மாவெல்லோ பெரிசு." அவ்வளவுதான். கோப்பைகளைக் கழுவி அடுக்கிவிட்டுப் போனாள். அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். அந்தக் கதையை எடுப்பதில்லை. என்னிடம் எதற்கும் யோசனை கேட்பதும் இல்லை.

உண்மைதான், அவளிடம் யாருமே கேட்கவில்லை. அவளுடைய நன்மைக்கு என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவு செய்த எதுவும் அவளுக்குத் தெரியாது. அக்காவைப் பற்றி இவ்வளவும் எழுதிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், இங்கேயும் அக்கா, அக்கா என்றே எழுதிக்கொண்டு போயிருக்கிறேன். அந்தப் பிரதமர் இப்போது எந்தப் பதவியில் இருந்தாலும் சரி, அவர் அன்றைக்குக் கேட்ட விபரங்கள் இவை. பெயர் தவமலர். வயது ஐம்பத்தாறு. டப்ளினில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஒரு மகள். வயிற்றுக்குள் கட்டி, ஸ்கானுக்குக் காத்திருந்தவர். பெயரைச் சொல்ல அவருக்குச் சம்மதம் இருந்தது. வேண்டாம் என்றவள் தங்கை.