புகார் கொடுத்தவரே ஜாமீன் போட வந்தார்

மைசூரு கோர்ட் பக்கத்துல, வக்கீல் வைக்க வசதியில்லாதவங்களுக்கு இலவசமா வாதாடற ஆபீஸ்ல நான் இன்டர்ன். தமிழ் தெரியும்னு இன்னைக்குக் காலையில ஒரு அக்காவை என்கிட்ட அனுப்பினாங்க.

தமிழ்நாட்டு எல்லைப் பக்கம் இருக்கற கௌதள்ளிக்காரங்க. வீட்டுக்காரர் டைல்ஸ் போடறவர். வேலை செஞ்ச வீட்டுல காப்பர் வயரைத் திருடிட்டார்னு ஜெயில்ல இருக்கார். கோர்ட் ஜாமீன் கொடுத்தாச்சு, ஜாமீன் கையெழுத்துப் போடத்தான் ஆள் இல்லை.

"இந்த ஊர்ல நிலம் வெச்சிருக்கற யாரையாவது பத்திரத்தோட கூட்டிட்டு வாங்கக்கா"ன்னு சொல்லி அனுப்பினேன்.

மத்தியானம் ஒருத்தரோட வந்தாங்க. பத்திரம், ஆதார் எல்லாம் பக்கா. பேரைப் பார்த்ததும் கேஸ் ஃபைலை மறுபடி புரட்டினேன். புகார் கொடுத்ததே அவர்தான், அந்த வீட்டு வேலையை எடுத்திருந்த மேஸ்திரி.

"எனக்கு இந்த ஊர்ல வேற யாரைத் தெரியும் கண்ணு?"ன்னாங்க அக்கா.

"அப்போ புகாரை வாபஸ் வாங்கறீங்களாண்ணா?"ன்னு மேஸ்திரியைக் கேட்டேன்.

"அது வேற, இது வேற"ன்னார் கன்னடத்துல. "வயர் போனது போனதுதான். ஆனா அங்கே ரெண்டு பாத்ரூம் பாதியில நிக்குது. இவன் அளவுக்கு டைல்ஸ் போட ஆள் கிடைக்கலை."

சீனியர் மேடம் என்னைப் பார்த்து, "புகார் கொடுத்தவர் ஜாமீன் போடக்கூடாதுன்னு எங்கேயாவது இருக்கான்னு தேடு"ன்னாங்க. சாயங்காலம் வரைக்கும் தேடினேன், கிடைக்கலை.

சட்டம் படிச்சவங்க யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க. அக்கா வீட்டுக்காரர் வெளியே வந்தப்புறம் சொன்னா போதும்.