அவர் லைசென்ஸ், என் கை

இரண்டு வருஷம் நான் என் கணவரின் பெயரில் ஊர் உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தேன். அது தப்பென்று எனக்கு ஒருநாளும் உறுத்தியதில்லை. குற்றால மலை உச்சியில் உட்கார்ந்திருந்த ஒரு புதன்கிழமைதான் முதல் தடவையாக உறுத்தியது.

அவருக்கு இலங்கை மலைநாட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை. பாக்டரி இன்ஜினும் மின்சாரமும் அவர் பொறுப்பு. நான் தென்காசியில் எட்டாம் கிளாஸ் முடித்து, கல்யாணமாகி, தனுஷ்கோடியில் கப்பலேறிப் போனவள். அங்கே எனக்கு வேலையே இல்லை. சமையல் ஒன்பது மணிக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகு மழை, பனி, தேயிலை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருப்பேன். பக்கத்து வீட்டுக் கணக்கப்பிள்ளை மனைவி, "ஏதாவது தொலைஞ்சு போச்சா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

அவருக்கு ரேடியோப் பைத்தியம். பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை. தானே செய்த பெட்டியிலிருந்து தந்தி பாஷையில் செய்தி அனுப்பி, எங்கேயோ இருக்கிற இன்னொரு ஆளிடம் பதில் வாங்குகிற ரேடியோ. பிழைப்புக்காக இல்லை, ஆசைக்காக. அதற்குச் சர்க்கார் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்குப் பரீட்சை உண்டு. பரீட்சையில், புள்ளியும் கோடுமாக வருகிற சத்தத்தைக் கேட்டு எழுத வேண்டும். கேட்டு எழுதிப் பழக, எதிரே ஒருவர் அடிக்க வேண்டுமே? அந்த ஒருவர் நான்.

இங்கிலீஷ் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் தந்த சின்னக் கட்டையைத் தட்டுவேன். அவர் எழுதுவார். ஆறு மாதத்தில் அவர் ஓரளவுக்குத் தேறினார். எனக்கோ அது பேச்சு மாதிரி ஆகிவிட்டது. அவர் பாஸ் செய்து, லைசென்ஸ் வந்து, முதல்நாள் பெட்டிமுன் உட்கார்ந்தபோது அவர் விரல் விறைத்துவிட்டது. யாரோ ஒருவர் கூப்பிடுகிறார். இவர் நெற்றியில் வியர்வை. "நீ அடி, நீ அடி" என்று எழுந்துவிட்டார். நான் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து அவர் பெட்டியைச் செய்வார், ஏரியல் கம்பி கட்டுவார், பழுது பார்ப்பார். அடிப்பது நான். லைசென்ஸில் இருந்தது அவர் பெயரும் அவருக்கென்று கொடுத்த அடையாளக் குறியும் மட்டும். வேறு ஆள் அடிக்கக்கூடாது என்று அதிலேயே அச்சடித்திருந்தது. வீட்டுக்குள் நடப்பது யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டோம்.

எங்களோடு அதிகம் பேசியவர் நுவரெலியாவில் தபால் ஆபீசில் வேலை பார்த்த ஒருவர். ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. அவருக்கும் எங்களைப் போலவே மலையேறும் கிறுக்கு. ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு குன்றின் மேல், நாங்கள் ஒரு குன்றின் மேல். நடுவில் எத்தனையோ பள்ளத்தாக்கு. "இங்கே மழை, அங்கே?" என்று கேட்பார். "இங்கே வெயில்" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. அதற்காக நான் வாரம் முழுக்கக் காத்திருப்பேன்.

போர் தொடங்குவதற்கு முந்தின வருஷம், ஆவணியில், என் நாத்தனார் கல்யாணத்துக்கு ஊருக்குப் புறப்பட்டோம். பெட்டியையும் கொண்டுபோய்க் குற்றால மலைமேலிருந்து நுவரெலியாவோடு பேசினால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது. மூன்று மாதம் எழுதி எழுதி, இந்தியாவில் ஒரு மாதம் பயன்படுத்த அவர் பெயருக்கு அனுமதிக் கடிதம் வாங்கினார். நுவரெலியாக்காரரிடமும் ஏற்பாடு செய்துகொண்டோம். கல்யாணம் முடிந்த வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி. காலை பத்து மணி. அவர் அவருடைய குன்றில் இருப்பார்.

ஈயத்தாள் ஒட்டிய தேயிலைப் பெட்டிக்குள் ஈரம் போகாது. அதற்குள்தான் சாமான்களை அடைத்துக் கொண்டுவந்தோம். தனுஷ்கோடியில் சுங்கக்காரர்கள் அதைப் பிரித்துக் கொட்டி, கடிதத்தை மூன்று பேர் மாறி மாறிப் படித்து, அரைமனதாக விட்டார்கள்.

தென்காசி வந்து இறங்கியதும் நான் மருமகள் ஆகிவிட்டேன். மலையேறுவது ஆண்கள் சமாசாரம். நான் போவதைப் பற்றி யாரும் பேசவேயில்லை, அவரும் பேசவில்லை. கல்யாண வீட்டில் பத்துப் பேர் நடுவில் வைத்து எப்படிக் கேட்பது? கேட்காமலே திங்கட்கிழமை வந்துவிட்டது. விடியுமுன் வண்டி கட்டிக்கொண்டு அவரும் என் கொழுந்தனும் குற்றாலம் போனார்கள். அங்கே, மலையில் தேன் எடுக்கிற பளியர் ஒருவரை வழிக்கும் சுமைக்கும் சொல்லிவைத்திருந்தார்கள்.

அன்று பகல் எனக்கு எப்படிப் போனதென்று சொல்ல முடியாது. பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பாத்திரம் எண்ணிவைக்கச் சொன்னார்கள். மூன்று தடவை எண்ணினேன், மூன்றும் வேறு வேறாக வந்தது. பத்து மணி ஆனதும் மச்சுக்குப் போய் மேற்கே பார்த்தேன். இந்தப் பக்கம் கோயிலின் மொட்டைக் கோபுரத்தில் வெயில் அடிக்கிறது. அந்தப் பக்கம் மலைத்தலையில் மேகம். கீழே வந்தேன். மறுபடி மேலே போனேன்.

"ஏட்டி, உனக்கு என்ன செய்யுது? ஓரிடத்துல இருக்க மாட்டியா?" என்றாள் மாமியார்.

"ஒண்ணுமில்ல அத்தை."

சாயங்காலம் அவரைக் கொழுந்தனும் வண்டிக்காரரும் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். இறங்கும்போது பாசிப்பாறையில் வழுக்கி, கணுக்கால் பிசகியிருந்தது. பூசணிக்காய் மாதிரி வீக்கம். ஆனால் அவர் முகத்தில் இருந்தது அந்த வலி இல்லை.

"அடிச்சேன். அரைமணி நேரம் அடிச்சேன்," என்றார். "அவர் கூப்பிடுதது நல்லாக் கேட்டுது. நான் பதில் அடிக்க அடிக்க, கேக்காத மாதிரியே இருந்தாரு. பெட்டிலதான் ஏதோ கோளாறு."

செவ்வாய்க்கிழமை முழுக்கக் கட்டிலில் கிடந்தபடி பெட்டியைப் பிரித்துப் பார்த்தார். ஒரு கோளாறும் இல்லை. சாயங்காலம், "சரி, விட்டிருவோம்" என்று மூடியைப் போட்டார்.

"நான் போறேன்," என்றேன்.

அறையில் மாமியார் இருந்தாள், கொழுந்தன் இருந்தான். பொம்பிளை மலைக்குப் போவதாவது என்று மாமியார் ஆரம்பிப்பாள் என எதிர்பார்த்து, பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவள் மகனைப் பார்த்துச் சொன்னாள்: "போயிட்டு வரட்டும்ப்பா. ரெண்டு நாளா இவ குறுக்கயும் நெடுக்கயும் நடக்குததைப் பாத்து எனக்குத் தலை சுத்துது. அந்த நடையை மலையில நடக்கட்டும்."

அவர் கம்பியை எந்தத் திசையில் கட்ட வேண்டும் என்று ஒரு தாளில் வரைந்து கொடுத்தார்.

புதன்கிழமை வெளுக்கும்போது நாங்கள் பெரிய அருவிக்கு மேலே போயிருந்தோம். முன்னால் பளியர், தலையில் தேயிலைப் பெட்டி. நடுவில் நான். பின்னால் பாட்டரி மூட்டையோடு கொழுந்தன். அவன் ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறவன், மலைக்குப் பழக்கமில்லை. செண்பகதேவி அருவி தாண்டும்போதே, "மதினி, கொஞ்சம் உக்காருவோம்" என்றான். நான் உட்காரவில்லை. பத்து மணி, பத்து மணி என்றே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சேலையை வரிந்து கட்டியிருந்தேன். முழங்காலுக்குக் கீழே அட்டை கடித்து ரத்தம் வழிவதை உச்சியில்தான் பார்த்தேன். பளியர் மடியிலிருந்து புகையிலையை எடுத்துக் கசக்கிக் கொடுத்தார். "வேகமா நடக்கிய தாயி. அட்டைக்கே மூச்சு வாங்கியிருக்கும்," என்றார்.

உச்சி என்பது ஒரு மொட்டைப் பாறையும் நாலைந்து குட்டை மரங்களும்தான். மேற்கே திருவிதாங்கூர்க் காடு கறுப்பாக இறங்கிப் போனது. கிழக்கே குளம் குளமாக எங்கள் ஊர். அதையெல்லாம் பார்க்க நேரமில்லை. தாளில் இருந்தபடி பளியர் மரமேறிக் கம்பியைக் கட்டினார். நான் பாட்டரியை இணைத்து, ஹெட்போனைக் காதில் மாட்டினேன். பத்து மணிக்கு இன்னும் சில நிமிஷம் இருந்தது.

சரியாகப் பத்துக்கு நுவரெலியாக்காரர் காதில் வந்தார். கடலுக்கு அந்தப்புறமிருந்து, சீவிவிட்ட மாதிரிச் சுத்தமான சத்தம். எங்களைக் கூப்பிட்டு நிறுத்தினார். நான் பதில் அடித்தேன்.

அடித்து முடித்த மறுநொடியே பாய்ந்து வந்தது பதில். "வந்துவிட்டீர்களா! எங்கே போயிருந்தீர்கள்? ஒரு முக்கியமான விஷயம். திங்கட்கிழமை எவனோ ஒருவன் உங்கள் அடையாளக் குறியைத் திருடி அடித்துக்கொண்டிருந்தான். நீங்கள் அடிக்கிற தாளம், உங்கள் கை எனக்குத் தெரியாதா? அது வேறு கை. நான் பதிலே கொடுக்கவில்லை. இன்று மாலை தபால் தந்தி இலாகாவுக்குப் புகார் எழுதப் போகிறேன்."

பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தவள், கடைசி வரியில் நிறுத்திவிட்டேன்.

"என்ன மதினி, என்ன சொல்லுதாரு?" என்றான் கொழுந்தன்.

பெட்டியில் கோளாறில்லை, கம்பியில் கோளாறில்லை. என் கணவர் அரைமணி நேரம் தன் சொந்தக் குறியை அடித்திருக்கிறார். அவரைத் திருடன் என்று நினைத்து இந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறார். புகார் போனால் விசாரணை வரும். விசாரணை வந்தால் லைசென்ஸ் போகும். "அது என் நண்பர்" என்று ஏதாவது அடித்துச் சமாளிக்கலாம். ஆனால் நண்பர் அடிப்பதும் குற்றம்தான். எழுந்து பாறையைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். ஹெட்போன் கம்பி இழுத்து நிறுத்தியது.

உட்கார்ந்து அடித்தேன். "புகார் எழுத வேண்டாம். திங்கட்கிழமை அடித்தவர்தான் லைசென்ஸ் உள்ளவர். நான் அவருடைய மனைவி."

பதிலில்லை. மேற்கேயிருந்து மேகம் ஏறி வந்து பாறையை மூடியது. கம்பி மறைந்தது, மரம் மறைந்தது, கொழுந்தன் பாதி மறைந்தான். ஹெட்போனில் வெறும் இரைச்சல். இனி அவர் பேசவே மாட்டார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பிறகு வந்தது, மெதுவாக. "இரண்டு வருஷமாகவா?"

"ஆம்."

"அம்மா, மன்னிக்க வேண்டும். இரண்டு வருஷமாக உங்களை நான் 'கிழவா, கிழவா' என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்."

ரேடியோக்காரர்கள் வழக்கத்தில் ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பாசத்தோடு சொல்கிற வார்த்தை அது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கொழுந்தனுக்கு ஒன்றும் புரியவில்லை. பளியர் மட்டும், நான் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்தார். "அங்கே வானம் எப்படி?" என்று கேட்டார் நுவரெலியாக்காரர். "ஒன்றும் தெரியவில்லை. மேகத்துக்குள் இருக்கிறேன்," என்று அடித்தேன்.

இறங்கும்போது அந்தச் சிரிப்பெல்லாம் வடிந்துவிட்டது. என் கணவரிடம் என்ன சொல்வது? பேசிவிட்டேன் என்று மட்டும் சொல்லலாம். மீதியை மறைக்கலாம். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு மாதிரி முடிவு செய்தேன். கடைசியில், வீட்டுக்குள் நுழைந்ததும், எழுதின தாளை அப்படியே அவர் கையில் கொடுத்தேன்.

இரண்டு தடவை படித்தார்.

"என் கை அவ்வளவு மோசமா?"

"மோசம் இல்ல. வேற. அவ்வளவுதான்."

"நான் திருடன்னு நெனச்சிருக்காரு."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை யாரும் மலைக்குப் போகவில்லை. திரும்பிப் போகும் ரயிலிலும் கப்பலிலும் அவர் வேண்டிய அளவுக்குத்தான் பேசினார். தலைமன்னாரில் இறங்கியதும், "உன்மேல கோவம் இல்லட்டி. எழுந்திரிச்சு இடத்தைக் குடுத்தது நான்தானே," என்றார். கோபமாகவே இருந்திருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த ஞாயிறு, குன்றின் மேல், நான் உட்காரப் போனபோது அவர் முந்திக்கொண்டு உட்கார்ந்தார். அடித்தார். தடுமாறினார், நிறுத்தினார், மறுபடி அடித்தார். எனக்குப் பக்கத்தில் நிற்க முடியவில்லை. தப்பு வரும் இடமெல்லாம் என் விரல் துடித்தது. தேயிலைக்குள் இறங்கித் தூரமாகப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. "பொறுமையான மனுஷன்," என்றார். "ஒவ்வொரு வார்த்தைக்கும் காத்திருந்தாரு." அதன்பிறகு ஒரு வாரம் அவர், ஒரு வாரம் நான். என் வாரங்களில் நுவரெலியாக்காரர் என்னை 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

ஒரு வருஷம் அப்படிப் போனது. போர் அறிவித்த சில நாட்களில் பெட்டியைப் பறிமுதல் செய்ய ஓர் அதிகாரி வந்தார். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்ட, சாமான்களை ஒவ்வொன்றாகப் பட்டியல் எழுதினார். முடித்துவிட்டு, "இயக்குபவர் யார்?" என்று கேட்டார். கேட்க வேண்டியதே இல்லை. லைசென்ஸ் அவர் முன்னாலேயே கிடந்தது.

"ரெண்டு பேரும்," என்றார் என் கணவர்.

அதிகாரி பேனாவைத் தூக்கியபடி அவரைப் பார்த்தார். வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். "மழைச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை," என்று சொல்லி, என் கணவர் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போனார்.

ஜப்பான்காரன் குண்டு போட ஆரம்பித்ததும் ஊருக்கே வந்துவிட்டோம். போர் முடிந்து, மறுபடி லைசென்ஸ் கொடுக்கப் போகிறார்கள் என்று பத்திரிகையில் வந்த அன்று, தென்காசித் தபால் ஆபீசுக்கு நான் நடந்தே போனேன். விண்ணப்பத்தை வழியிலேயே மூன்று தடவை எடுத்துப் படித்துப் பார்த்தேன். பெயர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.