ஐயாவுக்குச் சொல்லாத நோய்

பிள்ளைகளே, அப்பப்பாவின் கழுத்தில் ஏன் ஓட்டை என்று கேட்டீர்கள். நோயைப் பற்றிச் சொல்லிவிடலாம். எங்களைப் பற்றிச் சொல்லத்தான் எரிச்சலாக இருக்கிறது.

அவருக்கு, என் ஐயாவுக்கு, தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை முழுதாக எடுக்கவேண்டும், பிறகு பேச்சு வராது, கழுத்துத் துவாரத்தால்தான் மூச்சு என்று டொக்டர் என்னிடம் சொன்னார். எழுபத்தாறு வயது என்றேன். இருதயம் நன்றாக இருக்கிறது, தாங்குவார், கட்டி மூச்சை அடைக்கமுதல் செய்யவேண்டும் என்றார். கையெழுத்து அவரே வைக்கவேண்டுமாம், விளக்கமாகச் சொல்லி என்னைக் கூட்டிவரட்டாம்.

அதற்குள் கனடாவிலிருந்து என் அக்கா, உங்கள் மாமியும், லண்டனிலிருந்து பெரியப்பாவும் போனில் வந்துவிட்டார்கள். நோயின் பெயரைச் சொல்லவே கூடாதாம், சொன்னால் ஐயா பயத்திலேயே போய்விடுவாராம். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். நானும் தலையாட்டினேன். தொண்டைப் புண் என்று சொல்லி, டொக்டர் தந்த றிப்போட்டைத் தோட்டக் கொட்டிலில் பசளைப் பைகளுக்குப் பின்னால் ஒளித்தேன்.

ஒப்பரேசன் என்றதும் அவர் சிரித்தார்.

"புண்ணுக்கு ஆரடா கழுத்தை வெட்டுறது? உனக்கென்ன விசரே?"

அவர் கேட்டதில் என்ன பிழை? ஆஸ்பத்திரி தந்த நாளில் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டப் போனார். வேறொரு நாள் தந்தார்கள், அதுவும் போனது. பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு கிழவனைச் சம்மதிக்கவைக்கத் தெரியாதா என்று போனில் எனக்குத்தான் ஏச்சு.

மூன்றாம் வாரம், ஒருநாள் காலை, வரம்பில் அப்படியே குந்திவிட்டார். மூச்சு விசில் மாதிரிக் கேட்டது. நான் தண்ணீர் இறைக்கிற மோட்டரை நிறுத்தினேன்.

"ஐயா, அது புண் இல்லை, கான்சர். வெட்டினா இனிக் கதைக்கேலாது. வெட்டாட்டி மூச்சு நிண்டிடும்."

பயப்படுவார் என்றார்களே, அவர் பயப்படவில்லை.

"உதைச் சொல்ல உனக்கு மூண்டு கிழமையோ?"

"அக்காதான் சொல்லவேண்டாம் எண்டவா."

"போனை எடு. குரல் இருக்கேக்கையே அவளோடை கொஞ்சம் கதைக்கோணும்."

அடைத்த குரலில் அரை மணித்தியாலம் ஏசினார். மாமி அழுதா. பெரியப்பாவுக்கும் மிச்சம் வைக்கவில்லை. அடுத்த நாள் கையெழுத்து வைத்தார்.

ஒப்பரேசன் சரிவந்தது. ஆனால் கட்டி பரவியிருந்ததாம், கழுத்துப் பக்கமும் கூட வெட்டவேண்டி வந்தது. வீணாய்ப்போன அந்த மூன்று கிழமையை யாரிடம் திருப்பிக் கேட்பது? கண்விழித்துத் தெளிந்ததும் கொப்பியில் முதலில் எழுதியது: "றிப்போட் எங்கை?"

வீட்டில் என்றேன். எந்த இடம் என்று சொல்ல வாய் வரவில்லை.

அன்று பின்னேரம் தனியே கொட்டிலுக்குப் போய்ப் பைகளை இழுத்தேன். உறையின் ஒரு மூலையைக் கறையான் தின்றிருந்தது. மண்ணைத் தட்டி, உடுத்திருந்த சாரத்தால் துடைத்து, அவருடைய அலுமாரியில் காணி உறுதிப் பத்திரத்துக்கு மேலே, கதவைத் திறந்தவுடன் தெரிகிற மாதிரி வைத்தேன்.